பெயரில்லாமல் ஒலித்த இசை

யூலன்டிலுள்ள சிறிய நகரமொன்றின் முதியோர் இல்லத்தில் சில வருடங்கள் நான் துப்புரவு வேலை செய்திருக்கிறேன். அங்கே பொதுக்கூடத்தின் ஒரு மூலையில் பழைய பியானோ ஒன்று இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து கோப்பி வருவதற்கு முன்பாக, எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா அதன் முன்னால் வந்து உட்காருவார். விரல்கள் சரியாக மடங்காது. ஆயினும் ஒரு மெட்டை மட்டும் ஒவ்வொரு நாளும் வாசிப்பார். மூன்று சுரங்கள் படிப்படியாக ஏறும், நாலாவதற்குத் தாவி அங்கே நீளமாக நிற்கும். பிறகு அதே நடை ஒரு படி கீழிறங்கி வரும். பிறகு இன்னுமொரு படி கீழே. அந்த மெட்டு முடியும்வரை வாளித் தண்ணீரை மாற்றப் போகாமல் ஒரே இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஒருநாள் துணிந்து, இது யாருடைய பாட்டு என்று கேட்டேன். "அமெரிக்கப் பாட்டு" என்றார் அவர். ஐம்பதுகளில் இதற்கு நடனமாடினாராம். பக்கத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த முதியவர் நிமிர்ந்து பார்த்தார். "இல்லை, அது பிரெஞ்சுப் பாட்டு. ஈவ் மொந்தான் பாடியது." கோப்பி வரும்வரை இருவரும் வாதாடினார்கள். இசையமைத்தவர் யார் என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அது எனக்குப் பின்னர் வெட்கமாக இருந்தது. ஏனெனில் பெயர் கேட்கும் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் ஒரு பாட்டுப் போடுவதென்றால், படத்தின் பெயர், பாடியவர் பெயர், இயற்றியவர் பெயர், இசையமைத்தவர் பெயர் எல்லாம் சொல்லித்தான் போடுவார்கள். படம் பார்க்கக் காசில்லாத எங்களுக்கு அந்த அறிவிப்பே ஒரு படிப்பு. எந்தப் பாட்டு யாருடைய இசை என்பதில் பிழை விட்டால் ஒழுங்கையில் பொடியன்கள் சிரிப்பார்கள். அந்தக் காதுகளோடு வந்த நான், ஒரு மெட்டைப் பல மாதங்கள் கேட்டும் அதைச் செய்தவனைத் தேடவில்லை.

பிறகு நகரசபை நூலகத்தின் இசைப் பகுதியில் தேடினேன். அந்தப் பாட்டு அமெரிக்காவில் பிறந்ததல்ல. பிரான்சில் பிறந்ததுதான். ஆனால் அதைப் பிறப்பித்தவர் ஹங்கேரியிலிருந்து வந்த ஒரு யூதர், ஓர் அகதி. பெயர் ழோசெப் கொஸ்மா. அவருடைய இசை பிரான்சின் புகழ்பெற்ற படங்கள் சிலவற்றில் ஒலித்த காலத்தில் அவருடைய பெயர் அந்தப் படங்களின் எழுத்தோட்டத்தில் இருக்கவில்லை. இருந்திருந்தால் அவர் உயிரோடு இருந்திருக்க மாட்டார். இக்கட்டுரை அவரைப் பற்றியது.

*

யோசெஃப் கொஸ்மா 1905ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆம் திகதி புடாபெஸ்ட்டில் பிறந்தார். சிறு வயதிலேயே பியானோ கற்றார். அவருடைய பதினைந்தாவது வயதளவில், 1920இல், ஹங்கேரியில் ஒரு சட்டம் வந்தது. பல்கலைக்கழகங்களில் சேரும் யூத மாணவர்களின் தொகையை மட்டுப்படுத்துகின்ற சட்டம் அது. தரப்படுத்தலைக் கண்டு வந்த எங்களுக்கு இப்படியான சட்டங்களின் மொழி புதிதல்ல. தொகைக் கணக்கில் தொடங்குவது எங்கே போய் முடியுமென்பதும் தெரியும். கொஸ்மாவுக்குப் புடாபெஸ்ட் இசைக் கல்விக்கழகத்தில் இடம் கிடைத்தது. லியோ வைனரிடம் பயின்றார். பேலா பார்டொக் அங்கே கற்பித்துக்கொண்டிருந்த காலம் அது. கிராமத்துச் சனங்களின் பாட்டுகளைத் தேடிச் சேகரித்து, அவற்றைத் தன் இசைக்கு அத்திவாரமாக்கியவர் பார்டொக். எளிய பாட்டில் பெரிய விசயம் இருக்கலாம் என்ற நம்பிக்கையைக் கொஸ்மா அந்தச் சூழலிலிருந்து எடுத்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன்.

1920களின் கடைசியில் புலமைப்பரிசில் கிடைத்து பேர்லினுக்குப் போனார். அங்கே ஹான்ஸ் ஐஸ்லரைச் சந்தித்தார். பேர்டோல்ட் பிரெக்டின் நாடகங்களுக்கும் தொழிலாளர் பாட்டுக் குழுக்களுக்கும் இசையமைத்துக்கொண்டிருந்தவர் ஐஸ்லர். இசை கேட்பவனை உறங்க வைக்கக்கூடாது, படத்தில் கண் காண்பதையே இசை திரும்பச் சொல்லக்கூடாது என்பது அவருடைய கொள்கை. கதாநாயகி அழும்போது வயலினும் சேர்ந்து அழுகிற எங்கள் சினிமாவோடு வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். கொஸ்மாவின் பிற்காலப் பட இசையைக் கேட்டால் ஐஸ்லரின் பாடம் விளங்கும்.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். பேர்லினில் அந்த வட்டத்தில் இருந்தவர்கள் சிதறினார்கள். பிரெக்ட் வந்து சேர்ந்தது நாம் வாழும் இந்த டென்மார்க்குக்குத்தான். பியூன் தீவில் ஸ்வென்ட்போ நகருக்குப் பக்கத்தில், ஸ்கோஸ்போஸ்ட்ரான்ட் என்ற கடற்கரையோரம் கூரை வேய்ந்த ஒரு வீட்டில் 1939வரை இருந்தார். ஐஸ்லர் அங்கே வந்து தங்கி அவரோடு வேலை செய்தார். அவர்கள் இருவரும் சேர்ந்த ஒரு நாடகம் 1936 நவம்பரில் கொப்பன்கேகனில் மேடையேறியது. அந்த வீடு இன்றும் நிற்கிறது. ஆசிரியன் டென்மார்க்குக்கு வந்துபோய்க்கொண்டிருக்க, மாணவன் கொஸ்மா மனைவியோடு பாரிசுக்குப் போனார். எந்த நாடு என்பதை ஓடுகிறவன் தெரிவு செய்வதில்லை. தெரிந்தவன் யார், எந்த எல்லை திறந்திருக்கிறது, கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்பவைதான் தெரிவு செய்கின்றன. எங்களில் ஒருவன் பாரிசிலும், அவன் தம்பி ஹேர்னிங்கிலும், மச்சான் ரொறன்ரோவிலும் இருப்பதற்கு வேறு என்ன காரணம்?

*

பாரிசில் கொஸ்மாவுக்குக் கிடைத்த பெரிய பேறு ழாக் பிரெவெர் என்ற கவிஞரின் நட்பு. பிரெவெர் தெருவில் பேசுகிற சொற்களால் கவிதை எழுதியவர். பறவை, மழை, சிறையிலிருந்து தப்பியவன், காதலர்கள், தொழிலாளி இவர்கள்தான் அவருடைய உலகம். அவருடைய வரிகள் பேச்சைப் போல நீண்டும் குறுகியும் வரும். மெட்டுக்குள் அடங்காது போல் தோன்றும். கொஸ்மா அவற்றை மெட்டுக்குள் அடைக்கவில்லை, பேச்சின் நடையை அப்படியே விட்டு இசையை அதன் பின்னால் நடக்கவிட்டார். அந்நிய மொழியைக் காதால் கற்றுக்கொண்டவனுக்கே அதன் ஏற்ற இறக்கம் கூடுதலாகக் கேட்கும் போலிருக்கிறது.

பிரெவெர் அவரை இயக்குநர் ழான் ரெனுவாரிடம் அறிமுகப்படுத்தினார். 1936இல் வெளியான ரெனுவாரின் படமொன்றில் பிரெவெர் எழுதிய ஒரு பாட்டுக்குக் கொஸ்மா இசையமைத்தார். அதே வருடம் ரெனுவார், மோப்பசானின் கதையொன்றை நதிக்கரையில் படமாக்கத் தொடங்கி, மழையாலும் வேறு வேலையாலும் அரைகுறையாக விட்டுவிட்டுப் போனார். பத்து வருடங்கள் கழித்து, போர் முடிந்தபின், ரெனுவார் அமெரிக்காவில் இருக்கும்போதே அந்தப் படம் தொகுக்கப்பட்டது. 'ஒரு நாட்டுப்புற உலா' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். நாற்பது நிமிடப் படம். அதற்குக் கொஸ்மா செய்த இசையில் ஒரு பெண்குரல் சொல்லில்லாமல் முணுமுணுக்கிறது. மழைத்துளிகள் நதியைக் குத்திக்கொண்டிருக்க, படகிலிருந்து பார்ப்பதுபோல் தண்ணீர் பின்னோக்கி ஓடுகிறது. ஒரு பெண்ணின் வாழ்வு கைநழுவிப் போனதை அந்தக் காட்சியில் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை.

1937இல் 'மாபெரும் மாயை' வந்தது. முதலாம் உலகப்போரில் ஜெர்மனியரிடம் கைதியான பிரெஞ்சு அதிகாரிகளின் கதை. அதில் இரு கைதிகள் தப்பியோட வேண்டும். காவலரின் கவனத்தைத் திருப்புவதற்காக மூன்றாமவன் கோட்டைச் சுவரில் ஏறி நின்று, சிறு குழலில் ஒரு குழந்தைப் பாட்டை வாசிக்கிறான். தேடுவிளக்குகள் அவனைத் துரத்துகின்றன. மற்ற இருவரும் கயிற்றில் இறங்கித் தப்புகிறார்கள். அவன் சுடப்படுகிறான். குழலில் வருவது யாவருக்கும் தெரிந்த பழைய பாட்டு. கொஸ்மாவின் இசை படத்தின் மற்றப் பகுதிகளில் அடங்கியே ஒலிக்கிறது. இசையால் ஒருவன் வெளிச்சத்தில் நிற்க, மற்றவர்கள் இருளில் தப்பிப்பது என்ற அந்தக் காட்சி, சில வருடங்களில் கொஸ்மாவின் சொந்த வாழ்வில் தலைகீழாகத் திரும்பி வரும் என்று அப்போது யாருக்கும் தெரிந்திருக்காது.

1938இல் 'மனித மிருகம்'. 1939இல் ரெனுவாரின் இன்னொரு பெரிய படம். அதோடு போர் வந்துவிட்டது.

*

1940 யூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. ஒக்டோபர் 3ஆம் திகதி விஷி அரசு யூதர்கள் பற்றிய தன் முதலாவது சட்டத்தைக் கொண்டுவந்தது. அரச வேலை, ஆசிரியத் தொழில், பத்திரிகை, சினிமா எல்லாவற்றிலிருந்தும் யூதர்கள் ஒதுக்கப்பட்டார்கள். கொஸ்மா தெற்கே போனார். அல்ப்-மரித்தீம் மாவட்டத்தில், நீஸ் நகரை அண்டிய மலைப்பகுதியில், குறித்த இடத்தை விட்டு வெளியேறக்கூடாது என்ற கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டார். இசையமைப்பதற்கும் தடை.

ஆனால் பிரெவெர் நண்பனைக் கைவிடவில்லை. மார்செல் கார்னே என்ற இயக்குநருக்குப் பிரெவெர் கதை வசனம் எழுதிக்கொண்டிருந்தார். 1942 டிசம்பரில் வெளியான அவர்களுடைய 'மாலைநேர விருந்தாளிகள்' பதினைந்தாம் நூற்றாண்டில் நடக்கும் கதை. சாத்தான் அனுப்பிய இரு பாணர்கள் ஒரு கோட்டைக்கு வந்து பாட்டால் மயக்குகிறார்கள். அந்தப் பாட்டுகளைச் செய்தவர் கொஸ்மா. எழுத்தோட்டத்தில் வந்த பெயரோ மோரிஸ் திரியே. திரியே போலிப் பெயரல்ல. அவர் உண்மையான இசையமைப்பாளர், படத்தின் மற்ற இசையைச் செய்தவர். கொஸ்மாவின் பாட்டுகளுக்கும் தன் பெயரைக் கொடுத்து மறைத்தார். அந்தப் படத்தின் காட்சியமைப்பைச் செய்த அலெக்ஸாந்த்ர் ட்ரோனேரும் ஹங்கேரிய யூதர்தான். அவருடைய வேலையும் இன்னொருவரின் பெயரில்தான் வெளிவந்தது.

1943இல் இவர்கள் எல்லோரும் தூரெத்-சூர்-லூ என்ற மலைக் கிராமத்துக்கு அருகே கூடினார்கள். கார்னே, பிரெவெர், ஒளிந்திருந்த ட்ரோனேர், ஒளிந்திருந்த கொஸ்மா. அங்கே உருவானது 'சொர்க்கத்தின் குழந்தைகள்'. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிசின் நாடகத்தெருவைப் பற்றிய மூன்று மணித்தியாலத்துக்கு மேற்பட்ட படம். அதன் நாயகன் பப்திஸ்த், பேசாத ஊமைக்கூத்து நடிகன். முகத்தில் வெள்ளைப்பூச்சு, வாயில் சொல்லில்லை, உடலும் இசையுமே மொழி. அந்த ஊமைக்கூத்துக் காட்சிகளின் இசைதான் கொஸ்மாவிடம் வந்தது. பேசத் தடையில்லாதவர்கள் படத்தின் பேசும் பகுதிக்கு இசையமைக்க, பேர் சொல்லி வெளியே வர முடியாத மனிதன் பேசாத பகுதிக்கு இசையமைத்தான்.

1943 ஆகஸ்டில் நீஸ் படப்பிடிப்புத் தளத்தில் வேலை தொடங்கியது. அதுவரை அப்பகுதி இத்தாலியப் படைகளின் கையில் இருந்தது. அவர்கள் யூதரைப் பிடித்துக் கொடுப்பதில் அவ்வளவு அக்கறை காட்டவில்லை. செப்டெம்பர் 8இல் இத்தாலி சரணடைந்த செய்தி வந்தது. சில நாட்களுக்குள் ஜெர்மனியர் நீசுக்குள் நுழைந்தார்கள். எஸ்.எஸ். அதிகாரியான அலோய்ஸ் புருனர் தன் ஆட்களோடு வந்து ஹொட்டல் ஹொட்டலாக, வீடு வீடாக யூதரைத் தேடத் தொடங்கினான். கொஸ்மா அந்த மலைகளில்தான் இருந்தார்.

*

டென்மார்க்கில் வாழ்கின்ற வாசகருக்கு அந்த மாதங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. அதே 1943இல், ஒக்டோபர் முதலாம் திகதி இரவு, இங்கேயும் ஜெர்மனியர் யூதரின் கதவுகளைத் தட்டினார்கள். பெரும்பாலான வீடுகளில் ஆளில்லை. செய்தி முன்னமே கசிந்திருந்தது. ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மீன்பிடிப் படகுகளில் கடலைக் கடந்து சுவீடனுக்குப் போனார்கள். நானூற்றுக்கு மேற்பட்டோர் பிடிபட்டு தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

கடலைக் கடந்தவர்களில் ஒருவர் ஹெர்மன் டி. கொப்பெல். 1908இல் கொப்பன்கேகனில், போலந்திலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். பியானோக் கலைஞர், இசையமைப்பாளர். அவருடைய இளமைக்காலத்தில் கார்ல் நீல்சன் உயிரோடிருந்தார், கொப்பெலின் வாசிப்பைக் கேட்டவர். மனைவியோடும் பிள்ளைகளோடும் சுவீடனுக்குத் தப்பிய கொப்பெல், ஓரெப்ரோ நகரில் தங்கினார். அங்கேதான் தன் மூன்றாவது சிம்பொனியை எழுதினார். அங்கேதான் 1944இல் மகன் தோமஸ் பிறந்தான். பின்னாளில் டென்மார்க்கின் புகழ்பெற்ற 'சவேஜ் றோஸ்' இசைக்குழுவைத் தொடக்கியவர்களில் அந்தத் தோமஸ் கொப்பெல் ஒருவர்.

கொப்பெல் 1945இல் திரும்பி வந்தார். மறுவருடமே மார்டின் அன்டர்சன் நெக்சோவின் நாவலிலிருந்து எடுக்கப்பட்ட 'டிட்டெ' படத்துக்கு இசையமைத்தார். வறுமையில், தகப்பன் பேர் இல்லாமல் பிறந்த ஒரு பெண்பிள்ளையின் கதை அது. அப்படத்தின் இசைக்குரியவராகக் கொப்பெலின் பெயர் திரையில் வந்தது. பின்னர் இசைக் கல்விக்கழகத்தில் பேராசிரியரானார். 1998இல், எண்பத்தொன்பது வயதில் காலமானார்.

இரண்டு யூத இசையமைப்பாளர்கள், ஒரே இலையுதிர்காலம். ஒருவருக்கு அக்கரையில் பயமில்லாத நாடு ஒன்று இருந்தது, அவர் தன் பெயரோடு அங்கே போய்ச் சேர்ந்தார். மற்றவருக்குப் போக இடமில்லை. ஆகவே பெயரை விட்டுவிட்டு இருந்த இடத்திலேயே இருந்தார். சுவீடன் அந்த ஒக்டோபரில் தன் கரையை மூடியிருந்தால் கொப்பெலின் கதை என்னவாகியிருக்கும்? கரை திறப்பதும் மூடுவதும் அரசுகளின் கையில் இருக்கிறது. 1987இல் இந்நாட்டிலேயே நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்ததையும், அதனால் 1993இல் ஓர் அரசு பதவி விலகியதையும், 1995இல் அவர் தண்டிக்கப்பட்டதையும் எங்கள் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். அந்தக் கோப்புகளுக்குள் கிடந்தவை வெறும் இலக்கங்களல்ல, பெயர்கள்.

*

பாரிஸ் 1944 ஆகஸ்டில் விடுபட்டது. விடுதலையான நகரில்தான் தன் படம் திரையிடப்பட வேண்டுமென்று கார்னே வேலையை இழுத்தடித்தார் என்பார்கள். இதற்கிடையில் படத்தில் நடித்துக்கொண்டிருந்த றோபேர் லெ விகான் என்ற நடிகர், ஜெர்மனியரோடு ஒத்துழைத்தவர், தண்டனைக்குப் பயந்து ஓடிவிட்டார். அவர் நடித்த பாத்திரத்தை ழான் ரெனுவாரின் அண்ணன் பியேர் ரெனுவார் புதிதாக நடித்தார். 1945 மார்ச் 9ஆம் திகதி படம் வெளியாயிற்று. எழுத்தோட்டத்தில் திரியேயின் பெயரோடு ழோசெப் கொஸ்மாவின் பெயரும், காட்சியமைப்பில் ட்ரோனேரின் பெயரும் வந்தன. அவர்கள் தலைமறைவாக இருந்தபடி பணியாற்றினார்கள் என்ற குறிப்பும் கூடவே வந்தது. ஒரு பெயர் அழிந்த இடத்தில் ஒளித்திருந்த இரண்டு பெயர்கள் வெளியே வந்தன.

இங்கே மோரிஸ் திரியேயைப் பற்றி ஒரு வார்த்தை. இன்னொருவனின் பாட்டுக்குத் தன் பெயரைக் கொடுப்பது அந்தக் காலத்தில் புகழ் தேடுகிற காரியமல்ல. அகப்பட்டால் தொழில் போகும், அதற்கு மேலும் போகும். வரலாற்றில் தன் பெயரை இரவல் கொடுத்தவனுக்குப் பெரிய இடமில்லை.

இதை எழுதும்போது எனக்கு என் பயணம் ஞாபகம் வருகிறது. எங்களில் பலரைப் போல நானும் தலை மாற்றிய கடவுச்சீட்டில்தான் ஐரோப்பாவுக்கு வந்தேன். அதிலிருந்த பெயர் என்னுடையதல்ல. விமானத்தில் அந்தப் பெயரையும் பிறந்த திகதியையும் பிறந்த ஊரையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன். இடையில் சாப்பாடு கொண்டுவந்த பெண் எதையோ கேட்க, பதற்றத்தில் அந்தப் பெயரையே பதிலாகச் சொன்னேன். விமான நிலையத்தின் கழிப்பறையில் அந்தப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டேன். அந்தப் பெயருக்குரியவர் யார், ஏன் கொடுத்தார், எவ்வளவுக்கு விற்றார், உயிரோடு இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. பத்து மணித்தியாலம் நான் அவராக இருந்ததால்தான் இன்று நானாக இருக்கிறேன். வந்த பிறகும் என் பெயர் முழுசாகக் கிடைக்கவில்லை. பத்திரத்தில் என் அப்பாவின் பெயர் என் குடும்பப் பெயராகியது. மனைவி வந்தபோது அவளுக்கு அவளுடைய அப்பாவின் பெயர். பிள்ளைகளுக்கு என் பெயர். ஒரு தபால்பெட்டியில் மூன்று குடும்பப் பெயர்கள். வேலையிடத்தில் என் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளோடு நிறுத்திக்கொண்டார்கள்.

*

இனி அந்த மெட்டுக்கு வருவோம். 1945 யூனில் ரொலான் பெத்தி என்ற இளம் நடனக் கலைஞரின் 'சந்திப்பு' என்ற பலே நடனத்துக்காகக் கொஸ்மா அதைச் செய்தார். மறுவருடம் கார்னேயின் 'இரவின் வாயில்கள்' படத்தில் அதற்குப் பிரெவெர் சொற்கள் எழுதினார். பிரெஞ்சில் அதன் தலைப்பு 'இறந்த இலைகள்' என்று பொருள்படும். தமிழில் எங்களுக்கு அதற்கு ஒரே சொல் போதும்: சருகுகள். அந்தப் படத்தில் மார்லென டீட்ரிச்சும் ழான் கபானும் நடிப்பதாக இருந்து, இருவரும் விலகினார்கள். பதிலுக்கு வந்த இளைஞன் ஈவ் மொந்தான். படம் ஓடவில்லை. பாட்டு ஓடியது.

முதியோர் இல்லத்தில் பத்திரிகை வாசித்த அந்தப் பெரியவர் சொன்ன மொந்தானும் பிரான்சில் பிறந்தவரல்ல. இத்தாலியில் இவோ லிவி என்ற பெயரில் பிறந்தவர். முசோலினியின் ஆட்சியிலிருந்து தப்பி மார்செய்க்கு வந்த குடும்பத்தின் பிள்ளை. ஆக, உலகம் முழுவதும் பாரிசின் குரல் என்று கொண்டாடுகின்ற பாட்டில், சொல் மட்டும்தான் பிரான்சில் பிறந்தவருடையது. மெட்டு ஹங்கேரிய அகதியினுடையது. குரல் இத்தாலிய அகதியினுடையது.

அதற்கு ஜோனி மேர்சர் ஆங்கிலச் சொற்கள் எழுதினார். 1955இல் றொஜர் வில்லியம்ஸ் பியானோவில் வாசித்த இசைத்தட்டு அமெரிக்காவில் விற்பனையில் முதலிடத்துக்கு வந்தது. அந்த அம்மா நடனமாடியது பெரும்பாலும் அதற்குத்தான் இருக்கும். 1958இல் கனன்போல் அடர்லியும் மைல்ஸ் டேவிசும் வாசித்தார்கள். அதற்குப் பிறகு ஜாஸ் பழகுகின்ற எந்தப் பிள்ளையும் முதலில் பழகும் மெட்டுகளில் ஒன்றாக அது ஆகிவிட்டது. வயலின் கற்ற நண்பர் ஒருவரிடம் போட்டுக் காட்டினேன். நடபைரவியின் சுரங்களில் போய்க்கொண்டிருந்துவிட்டு, முடிகிற இடத்தில் கீரவாணியின் நிஷாதத்தைத் தொட்டுவிட்டு வருகிறது என்றார். எங்கள் காதுக்கு அது ஏன் அந்நியமாகப் படவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

போருக்குப் பின் கொஸ்மா ஓயவில்லை. ஜூலியெத் கிரெக்கோ பாடிய பாட்டுகள், ரெனுவார் திரும்பி வந்து எடுத்த படங்கள், லியோன் நகரப் பட்டு நெசவாளரின் எழுச்சி பற்றிய ஓர் ஒபெரா என்று எழுதிக்கொண்டேயிருந்தார். 1969 ஆகஸ்ட் 7ஆம் திகதி, பாரிசுக்கு வடமேற்கேயுள்ள லா றோஷ்-கியோன் என்ற ஊரில் காலமானார். வயது அறுபத்துமூன்று.

*

அவருடைய வேலைகளில் எனக்கு மிகவும் நெருக்கமான ஒன்று இந்த நாட்டோடு சம்பந்தப்பட்டது. ஓடென்சவில் பிறந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் அன்டர்சன் 1845இல் ஒரு சின்னக் கதை எழுதினார். மேசையில் ஒரு பீங்கான் இடைச்சி, பக்கத்தில் பீங்கானால் செய்த புகைபோக்கி துடைப்பவன். இருவரும் காதலர். இடைச்சியை வேறொருவனுக்குக் கட்டிக்கொடுக்க, தாத்தா முறை கொண்டாடும் ஒரு கிழப் பொம்மை தலையை ஆட்டிச் சம்மதிக்கிறது. இருவரும் புகைபோக்கி வழியாக ஏறி ஓடுகிறார்கள். உச்சிக்கு வந்து வானத்தையும் நட்சத்திரங்களையும் கூரைகளையும் கண்டதும் அவளுக்குப் பயம் பிடிக்கிறது. உலகம் இவ்வளவு பெரிதா, என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போ என்று அழுகிறாள். திரும்பிப் போகிறார்கள். அங்கே தாத்தாப் பொம்மை விழுந்து உடைந்து கிடக்கிறது. ஒட்டிவிடுகிறார்கள், ஆனால் கழுத்தில் அடித்த ஆணியால் அதற்கு இனித் தலையாட்ட முடியாது. ஆகவே கல்யாணமும் நின்றுபோகிறது.

என் மகள் பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைப் படித்துவிட்டு வந்து, "அப்பா, பயந்து திரும்பிப் போனது சரிதானே? அங்கே எல்லாம் சரிவந்துவிட்டதுதானே?" என்று கேட்டாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் திரும்பிப் போவது என்பது குழந்தைக் கதை விசயமல்ல.

இந்தக் கதையைத்தான் போல் கிறிமோவும் பிரெவெரும் சித்திரப்படமாக எடுத்தார்கள். இசை கொஸ்மா. படம் முடியுமுன்னே தயாரிப்பாளரோடு பிணக்கு வந்து, கிறிமோவின் சம்மதமில்லாமல் 1950களின் தொடக்கத்தில் அரைகுறையாக வெளியிடப்பட்டது. கிறிமோ பல வருடங்கள் போராடிப் படத்தை மீட்டு, திருத்தி, விரித்து, 1980இல் 'அரசனும் பறவையும்' என்ற பெயரில் வெளியிட்டார். அதற்குள் கொஸ்மாவும் பிரெவெரும் இறந்துவிட்டார்கள். புதிய பின்னணி இசையைப் போலந்து நாட்டவரான வோய்செக் கிலார் செய்தார். ஆனால் பாட்டுகள் கொஸ்மாவினுடையவையாகவே விடப்பட்டன. அவருடைய பெயரும் விடப்பட்டது.

பிரெஞ்சுப் படத்தில் காதலர்கள் திரும்பிப் போவதில்லை. அரசனின் மாளிகையே இடிந்து கற்குவியலாகிறது. கடைசியில் ஓர் இயந்திர மனிதன், கூண்டுக்குள் அகப்பட்ட குஞ்சுப் பறவையைத் திறந்துவிட்டு, கூண்டை நசுக்கிப் போடுகிறான். அன்டர்சன் சொந்த நாட்டிலிருந்து எழுதிய முடிவு ஒன்று. பின்னர் ஓர் அகதியின் பாட்டுகளோடு வந்த முடிவு வேறொன்று. மகளுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். இரண்டு முடிவும் இருக்கிறது, நீயே யோசி என்றேன்.

அந்த அம்மாவுக்கு இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. நான் நூலகத்திலிருந்து விபரத்தோடு வந்த வாரம், பியானோ மூடியிருந்தது. அவருடைய அறையைத் துப்புரவாக்கித் தரும்படி என்னிடம்தான் சொன்னார்கள். பத்திரிகை வாசிக்கும் பெரியவரிடம் மட்டும் சொன்னேன், எங்கள் வானொலியில் சொல்வதுபோலவே: பாடியவர் ஈவ் மொந்தான், இயற்றியவர் ழாக் பிரெவெர், இசை ழோசெப் கொஸ்மா. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தக் கடைசிப் பெயரை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். பத்திரிகையின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். பிறகு, உன்னுடைய முழுப்பெயர் என்ன என்று கேட்டார். அதையும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.